கரையில் இருந்த மூன்று வயதுப் பிள்ளை

(கந்தளாயில், நவராத்திரி மாலையொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



விஜயதசமி நெருங்கிவிட்டது. ஏடு தொடக்கப் போகிற பிள்ளைகளில் பலர் வருகிற தை மாதம் நேசறிக்கும் போகப் போகிறார்கள். பாக்கும் தண்ணிப்போத்தலும் வாங்கியாகிவிட்டது. சில வீடுகளில் அ, ஆவும் ஒன்று முதல் இருபது வரையும் பாடமாக்கியும் விட்டார்கள். எழுத்தைப் பச்சரிசித் தட்டில் விரல் பிடித்து ஐயர் தொடக்கிவைப்பார். மிச்சத்தை ரீச்சர் பார்த்துக்கொள்வா. அம்மா இல்லாத இடத்தில் ஒரு காலைப்பொழுதை எப்படிக் கழிப்பது என்பதை மட்டும் வீட்டில்தான் பழக்க வேண்டும். அதைத்தான் மறந்துபோகிறோம்.

சேக்கிழார் சுவாமிகள் பெரியபுராணத்தில் காட்டும் சீர்காழிக்கு வாருங்கள். சம்பந்தப் பிள்ளையாருக்கு அப்போது மூன்று வயது; நேசறிக்குப் போகிற வயது. தகப்பனார் சிவபாதவிருதயர் குளிக்கப் புறப்படுகிறார். பிள்ளை பின்னாலேயே வருகிறது. அவர் திரும்பிப் பார்த்துக் கோபிக்கிறவர்போலத் தடுக்கிறார். பிள்ளையோ கிண்கிணி ஒலிக்கக் காலை நிலத்தில் உதைத்து அடம்பிடிக்கிறது. நம் வீட்டுப் படலையில் தினமும் நடக்கிற கூத்துத்தானே இது? பன்னிரண்டாம் நூற்றாண்டில் இருந்த ஒரு பெரிய மனிதர், சோழ நாட்டு அமைச்சர், இதையெல்லாம் கவனித்து எழுதியிருக்கிறார்.

வேறு வழியில்லாமல் கூட்டிப்போகிறார். கோயில் தீர்த்தக் கரையில் பிள்ளையை இருத்திவிட்டு நீரில் இறங்குகிறார். முங்கி உடனே எழுகிற குளியலா அது? நீருக்குள் மூழ்கியபடியே மந்திரம் செபிக்கிற அகமர்ஷணம். அப்பாவின் தலை தெரியவில்லை. பிள்ளை கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிறது. பிறகு கண்ணைக் கசக்குகிறது, உதடு துடிக்கிறது. தோணியப்பர் கோயில் சிகரத்தைப் பார்த்து, அம்மாவையும் அப்பாவையும் கூப்பிட்டு அழுகிறது.

உமையம்மை பொற்கிண்ணத்தில் ஞானப்பாலோடு வந்த கதை எல்லோருக்கும் தெரியும். அம்மை செய்த இரண்டு சின்னக் காரியங்களை மட்டும் பாருங்கள். பிள்ளையின் கண்ணீரைத் துடைத்தாள். கிண்ணத்தை அந்தப் பிள்ளையின் கையிலேயே கொடுத்தாள். "பெரிய பிள்ளை அழலாமா, வெட்கம்" என்று அதட்டவில்லை. உலகத்துக்கே படியளக்கிறவள், மூன்று வயதுக் கையை நம்பிக் கிண்ணத்தைக் கொடுக்கிறாள். நாமோ சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைக்கூடப் பிள்ளையைத் திறக்க விடுவதில்லை. சிந்தட்டும், விடுங்கள்.

தகப்பனார் கரையேறுகிறார். பிள்ளையின் வாயில் பால். உடனே ஒரு சிறு கோலை எடுத்து ஓங்கிக்கொண்டு, யார் தந்த பால் என்று கேட்கிறார். தான் இல்லாத நேரத்தில் யாரோ தந்த எச்சிலைப் பிள்ளை உண்டுவிட்டதோ என்ற கோபம்! நேசறி விட்டு வருகிற பிள்ளையை வாசலிலேயே மறித்து, "ரீச்சர் என்ன படிப்பிச்சவா? எழுதினியா? ஏன் எழுதேல்ல?" என்று விசாரிக்கிறோமே, அதுவும் கோல்தான். அன்று அந்தப் பிள்ளை வானைச் சுட்டிக்காட்டிப் பாட்டாகப் பதில் சொன்னது. பின்னாளில் இராமேசுவரத்தில் இருந்தபடியே நம் கோணமலைக்கும் பதிகம் பாடியது அந்த வாய்தான்.

அம்மையைப்போலவே பிள்ளையின் கையை நம்பிய மரியா மொண்டிசோரி அம்மையாரை உங்களுக்குத் தெரியும். தெருவுக்குத் தெரு அவர் பெயரில் பாலர் பள்ளிகள் இருக்கின்றன. 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தவருக்கு, போர் காரணமாக இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. 1944இல் இலங்கைக்கும் வந்து, பிள்ளையின் முதல் மூன்று ஆண்டுகளைப் பற்றி விரிவுரைகள் ஆற்றினார். ஒரே மகன் மாரியோவைச் சிறுவயதில் பிறர் வீட்டில் வளரவிட வேண்டியிருந்த தாய் அவர். 1940இல் அந்த மகனை, இத்தாலியர் என்பதற்காக, ஆங்கிலேய அரசு தடுப்புமுகாமில் அடைத்தது. அம்மையாரின் எழுபதாவது பிறந்தநாளுக்குத்தான் விடுவித்தது. பிரிவு எப்படிச் சுடும் என்பது அவருக்குத் தெரியும். அவரும் பிள்ளைகளைத் தம் கையால் தாமே செய்ய விடுங்கள் என்றுதான் சொன்னார்.

கந்தளாய்க் குளத்தை நம்பி வயல் செய்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை: வாய்க்கால் தாங்குகிற அளவுக்குத்தானே முதலில் தண்ணீர் திறப்பார்கள். பிரிவையும் அப்படித் திறந்துவிடுங்கள். இன்று அம்மம்மா வீட்டில் அரை மணித்தியாலம், அடுத்த கிழமை மாமி வீட்டில் ஒரு மணித்தியாலம். நேசறியில் பக்கத்தில் இருக்கப்போகிற பிள்ளை சிங்களமும் பேசலாம், வேறு சாமியையும் கும்பிடலாம். அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு இப்போதே ஒருமுறை போய் வாருங்கள். சீருடையைப் போட்டுப் பார்த்து, நேசறி வாசல்வரை ஒருநாள் நடந்தும் வாருங்கள்.

முதல் நாள் பிள்ளை விளையாட்டுச் சாமானைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நைசாக நழுவி வராதீர்கள். அது பிள்ளையை ஏமாற்றுவது. அந்தப் பிள்ளை அடுத்த நாள் உங்கள் சேலையை விடாது. குனிந்து, கண்ணைப் பார்த்து, "சாப்பிட்டு, பாட்டுப் பாடி முடிய அம்மா வந்துடுவன்" என்று சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே வாசலில் போய் நில்லுங்கள்.