மருந்துக்கு நான்கு பங்கு



இந்த மாதச் சமயச் சிந்தனைக்கு நான் எடுத்துக்கொண்டது கொஞ்சம் சங்கடமான விஷயம். "போதை வேண்டாம்" என்று பேசுவது சுலபம். நம்முடைய பேச்சுப் போட்டிகளில் பாதி அந்தத் தலைப்புதான். ஆனால் ஹெராயினில் சிக்கிய ஒருவன் நம் முன்னால் வந்து, "அண்ணே, நான் விட்டுடணும், உதவி பண்ணுங்க" என்று நின்றால் அடுத்து என்ன செய்வது? அதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

வழக்கமாக என்ன நடக்கிறது? கோயிலுக்குக் கூட்டிப் போய்ச் சூடம் அணைத்துச் சத்தியம் வாங்குகிறோம். தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருக்கச் சொல்கிறோம். சில வீடுகளில் அறையில் வைத்துப் பூட்டியே விடுகிறார்கள். இரண்டாம் நாள் அவன் கதவை உடைத்துக்கொண்டு ஓடினால், "சாமி மேல சத்தியம் பண்ணியும் ஏமாத்திட்டான் பாருங்க" என்கிறோம். அவன் ஏமாற்றினானா, அல்லது நாம்தான் அவனை நோயோடு தனியாக விட்டோமா?

அவன் உடம்புக்குள் நடப்பதை முதலில் புரிந்துகொள்வோம். பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே ஒரு வண்டியை ஓட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். வேகம் குறையாமல் இருக்க எண்ணெயைக் கூடுதலாக மிதிக்க வேண்டும். ஹெராயின் நரம்புகளுக்கு அந்தப் பிரேக் மாதிரி. மாதக்கணக்கில் எடுத்தால், உடம்பு அதைச் சமாளிக்க ஆக்சிலரேட்டரை மிதித்தபடியே இருக்கப் பழகிவிடுகிறது. திடீரென்று பிரேக்கை எடுத்தால்? வண்டி சீறிக்கொண்டு பாயும்.

கடைசியாக எடுத்த 8 முதல் 12 மணி நேரத்தில் இது தொடங்கும். முதலில் கொட்டாவி, மூக்கிலும் கண்ணிலும் நீர், வியர்வை, மயிர்க்கூச்சம். பிறகு வயிற்றுப் பிடிப்பு, வாந்தி, வயிற்றுப்போக்கு, எலும்புக்குள் குடைவது போன்ற வலி, தூக்கமே இல்லாத இரவு. இரண்டாம், மூன்றாம் நாள்தான் உச்சம். ஒரு வாரம், பத்து நாளில் பெரும்பாலும் அடங்கும். அவன் கதவை உடைத்த நாள் எது என்று இப்போது எண்ணிப் பாருங்கள்.

திருக்குறளில் 95ஆம் அதிகாரம் 'மருந்து'. அதன் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறார்: நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர். நாலும் சேர்ந்தால்தான் மருத்துவம். நாம் செய்வதோ, நோயாளி ஒருவன் தலையிலேயே நான்கையும் ஏற்றிவிட்டு, "உனக்கு மன உறுதி இல்லை" என்று சொல்வது.

வைத்தியரும் மருந்தும் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். மலேசியாவில் 2005ஆம் ஆண்டிலிருந்து மெத்தடோன் சிகிச்சை நடக்கிறது. அரசாங்க மருத்துவமனைகளிலும் பல கிளினிக் கெசிஹாத்தானிலும் கொடுக்கிறார்கள். அது ஒரு திரவ மருந்து. ஒரு நாளைக்கு ஒரு தடவை, முதலில் ஊழியர் கண் முன்னாலேயே குடிக்க வேண்டும். புப்ரினோர்ஃபின் என்று இன்னொரு மருந்தும் உண்டு. அதை நாக்குக்கு அடியில் வைத்துக் கரைப்பார்கள். உடம்பில் ஹெராயின் இருக்கும்போதே இதைக் கொடுத்தால் வேதனை இன்னும் கூடும். அறிகுறிகள் தெரிந்த பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும். எப்போது, எவ்வளவு என்பது மருத்துவர் கணக்கு. வியர்வை, படபடப்புக்குக் குளோனிடின் கொடுப்பதுண்டு. அது இரத்த அழுத்தத்தை இறக்கும் என்பதால் அளந்து பார்த்துத்தான் கொடுப்பார்கள். வாந்திக்கும் வயிற்றுப்போக்குக்கும் தனி மருந்து இருக்கிறது.

"ஒரு போதைக்குப் பதிலா இன்னொரு போதைதானே?" என்று சிலர் கேட்பார்கள். இல்லை. சரியான அளவில் மெத்தடோன் மயக்கம் தராது. மெதுவாக, நாள் முழுக்க வேலை செய்யும். அவன் வேலைக்குப் போகலாம், பிள்ளையைப் பள்ளியில் விடலாம். ஊசி தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் இன்னொருவருடைய மெத்தடோனை வாங்கிக் குடிப்பது உயிருக்கே ஆபத்து. "கெத்தும் தண்ணி குடிச்சாப் போதும்" என்ற பேச்சையும் நம்பாதீர்கள். அதுவும் மூளையில் அதே இடத்தைத்தான் தொடுகிறது. அதுவே அடுத்த பழக்கமாகிவிடும்.

இப்போது நாலாவது பங்கு. அதற்கு நம் சமயத்தில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. பெரிய புராணத்தில் திருநாவுக்கரசர் சூலை நோயால் துடிக்கிறார். குடலைப் புரட்டும் வலி. தெரிந்த வைத்தியமெல்லாம் செய்தும் தீரவில்லை. அப்போது யாரைத் தேடிப் போகிறார்? தாம் விட்டு வந்த அக்கா திலகவதியாரை. மணம் பேசிய கலிப்பகையார் போரில் இறந்ததும் உயிரை விடத் துணிந்து, பிறகு தம்பிக்காகவே உயிரைத் தாங்கியவர் அவர். இரவோடு இரவாகத் தம்பி வந்து காலில் விழுந்ததும், "அன்னைக்கு விட்டுட்டுப் போனியே" என்று கணக்குக் கேட்கவில்லை. எழுப்பினார், திருநீறு கொடுத்தார், திருவதிகைக் கோயிலுக்குக் கூடவே அழைத்துப் போனார். 'போ' என்று சொல்லி அனுப்பவில்லை என்பதைக் கவனியுங்கள்.

"அப்பருக்குத் திருநீறே போதுமாக இருந்ததே, கிளினிக் எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தச் சூலை, அவரை ஆட்கொள்ள இறைவனே தந்தது. அது நாயன்மாருக்கு நடந்த அருள். அதை வைத்து அடுத்த வீட்டுப் பையனுக்கு மருந்தை மறுக்க நமக்கு உரிமை கிடையாது. சிவபெருமானை வைத்தியநாதர் என்று கும்பிடுகிறோம். மூலிகை தேடிய சித்தர்களும் நம்மவர்களே. நீரிழிவு உள்ள மாமா திருநீறு பூசிக்கொண்டுதான் இன்சுலினும் போட்டுக்கொள்கிறார். யாராவது அவர் பக்தியைச் சந்தேகப்படுகிறோமா?

ஆகவே நாம் திலகவதியார் ஆவோம். கிளினிக்குக்கு அவனோடு போங்கள். வரிசையில் கூட உட்காருங்கள். அந்த வாரத்தில் உண்ணாவிரதம் வேண்டாம். வாந்தியிலும் போக்கிலும் நீரிழந்த உடம்பு தாங்காது; உப்புச் சர்க்கரைக் கரைசல், கஞ்சி கொடுங்கள். கர்ப்பிணியாக இருந்தாலோ, மதுவும் தூக்க மாத்திரையும் சேர்த்து எடுப்பவராக இருந்தாலோ, வீட்டில் நிறுத்திப் பார்க்கவே கூடாது. நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொன்று மிக முக்கியம். சில நாள் விட்டிருந்தாலே உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். விட்டவன் தடுமாறிப் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்று போகலாம். மறுபடி விழுந்தவனைத் திட்டித் துரத்தினால், அடுத்த முறை தனியாக எங்கோ எடுத்து அங்கேயே செத்துக் கிடப்பான். எழுப்ப முடியவில்லை, உதடு நீலம், மூச்சு மெதுவாக என்றால் தயங்காமல் 999க்கு அழையுங்கள்.

சத்தியம் வாங்குவதற்கு ஐந்து நிமிடம் போதும். கூட இருப்பதற்குத்தான் பல மாதம் வேண்டும். வழிபாடு அந்தப் பல மாதத்துக்கும் தெம்பு தரட்டும். அவனுக்கும், அவன் அம்மாவுக்கும், நமக்கும். அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டு வழிபாட்டுக்கு அவன் வந்தால், பின்வரிசையில் ஒதுங்கி நிற்க விடாதீர்கள். பக்கத்தில் இடம் கொடுத்து, தேவாரப் புத்தகத்தை அவன் கையிலும் கொடுங்கள்.

திருச்சிற்றம்பலம்.