கேளாமல் கொடுத்த வீடு

ஸ்ரீமத் பாகவதம் தசம ஸ்கந்தத்திலுள்ள குசேலோபாக்கியானம் அன்பர்கள் அறிந்ததே. மனைவி அயலாரிடம் இரந்து பெற்ற நான்கு பிடி அவலைக் கந்தையில் முடிந்துகொண்டு துவாரகை சென்ற அந்த ஏழை அந்தணர், கண்ணனிடம் ஒன்றும் யாசிக்கவில்லை. வறியவர் வாய் திறக்க நாணுவர். கண்ணனோ அவர் பாதங்களை விளக்கி, தன் மஞ்சத்தில் அமர்த்தி, குருகுலவாசத்தை நினைவுகூர்ந்தான். கொடுத்ததை வாயால் சொல்லவுமில்லை. ஊர் திரும்பியவர் தம் குடிசை இருந்த இடத்தில் மாளிகையைக் கண்டார். முதலில் மரியாதை, பின்பு வீடு. இதுவே எம்பெருமான் காட்டிய முறை.

ஒருவேளை அன்னம் அன்றைய பசியைத் தீர்க்கும். உறுதியான கூரையோ குடும்பத்தையே நிலைநிறுத்தும். தமிழக அரசு 2024-ஆம் ஆண்டு தொடங்கிய கலைஞர் கனவு இல்லத் திட்டம், குடிசைவாசிகள் 360 சதுர அடியில் வீடு கட்ட 3.5 லட்சம் ரூபாய் என வகுத்தது. ஆயினும் பட்டாவுக்கு அலைபவரும், மனு எழுத அறியாதவரும், சுவர் பாதி எழும்பியபின் வட்டிக்குக் கடன்பட்டு, வீடு முடிந்தும் நிம்மதி இழப்பவரும் உளர்.

உத்ஸவம் சேவித்து ஊர் திரும்பும் அன்பர்கள், அத்தகைய ஒரு குடும்பத்துக்கு மனு எழுதிக் கொடுப்பதும், வட்டியின்றிக் கைமாற்று அளிப்பதும், அதனை வெளியே சொல்லாதிருப்பதும் பகவத் கைங்கர்யமே. அவர்கள் கேட்கும்வரை காத்திருத்தல் வேண்டா. கேளாமல் கொடுத்த கண்ணனின் திருவுள்ளம் அதனால் உகக்கும்.