உறைக்குள் திரும்பிய வாள்

தேர்தல் அறிவிக்கப்பட்டதும், காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க உரிமம் பெற்ற நீலகிரி விவசாயிகள் பலர் தம் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பர். தேர்தல் முடிந்தபின் மீட்டுக்கொள்வர். பலருக்கும் பொதுவான ஆணை என்பதால் இதை எவரும் இழிவாகக் கருதுவதில்லை. ஆனால் ஒரே ஒருவனை நோக்கி, "உன் கையில் அது இருத்தலாகாது" என்று சொல்லும்போது, அவன் மானமும் கேள்விக்குள்ளாகிறது.

சட்டம் இதற்கு இடமளிக்கிறது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 17-ஆம் பிரிவில், பொது அமைதிக்கும் பாதுகாப்புக்கும் தேவையெனின் உரிமத்தை இடைநிறுத்த அதிகாரிக்கு உரிமை தருகிறது. பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலம் 1999-இல் இத்தகைய அதிகாரத்தை நீதிமன்றத்திடம் அளித்தது. தனக்கோ பிறருக்கோ தீங்கு விளைவிப்பார் எனக் கருதப்படுபவரின் ஆயுதத்தை அங்கே நீதிபதியின் ஆணையால் விலக்கி வைக்கலாம்.

குற்றம் செய்யாதவனை, செய்யக்கூடும் என்னும் அச்சத்தால் கட்டுப்படுத்துவது முறையா? இங்கே இரு கட்டளைகள் நம் மனச்சான்றைத் தட்டுகின்றன. கொலை செய்யாதே என்னும் ஐந்தாம் கட்டளை, கொலைக்கு வழிவிட்டு வாளாவிருப்பதையும் கண்டிக்கிறது. குடிவெறியில் மனைவியை மிரட்டுபவனையும், மனமுடைந்து சாவைப் பற்றியே பேசுபவனையும் அறிந்திருந்தும், "அடுத்தவர் குடும்ப விவகாரம்" என ஒதுங்குவோர் காயினின் மறுமொழியையே மீண்டும் கூறுகின்றனர். பொய்ச்சான்றைத் தடுக்கும் எட்டாம் கட்டளையோ எதிர்ப்புறம் நின்று எச்சரிக்கிறது. வரப்புத் தகராறும் பழைய பகையும் புகார் மனுவாக உருமாறுவதை நாம் அறியாதவர்களா? ஆகவே ஆணைக்குச் சான்று வேண்டும்; குற்றஞ்சாட்டப்பட்டவன் பேச வாய்ப்பு வேண்டும்; காலவரையறை வேண்டும். கொலை செய்த காயினைக்கூட எவரும் கொல்லாதபடி ஆண்டவர் அடையாளமிட்டுக் காத்தார் அல்லவா?

கெத்சமனியில் பேதுருவின் வாளை உறைக்குள் இடச் செய்தார் இயேசு. வெட்டுண்ட செவியைக் குணப்படுத்தினார். பேதுருவையோ அவர் தள்ளிவிடவில்லை. பின்னர் தம் ஆடுகளையே அவரிடம் ஒப்படைத்தார். ஆயுதத்தை விலக்குவது அதை ஏந்தியவரை விலக்குவதாகாது.

துப்பாக்கியை எடுத்துச் சென்ற காவல்துறை வாகனம் மலைவளைவில் மறைந்தபின், அவ்வீட்டுக் கதவைத் தட்டப்போவது யார்? அவனது குடியையும் கடனையும் துயரத்தையும் கேட்கப்போவது யார்? இரவில் பன்றிகள் அவன் உருளைக்கிழங்குத் தோட்டத்திற்கு வரத்தான் செய்யும். அன்று அவனோடு காவலுக்குச் செல்ல நம் பங்கிலிருந்து ஒருவராவது முன்வந்தால், அந்த ஆணையில் குறைபட்ட அன்பு நிறைவுபெறும்.