நிறுத்தி வைத்த கணிப்பு

2020 பிப்ரவரி 1. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியினர் கூடித் தங்கள் அதிபர் வேட்பாளர் தேர்வில் வாக்களிக்க இரண்டே நாள் இருந்தது. 'டெ மாய்ன் ரெஜிஸ்டர்' நாளிதழும் சிஎன்என் தொலைக்காட்சியும் சேர்ந்து எடுத்த கடைசிக் கருத்துக்கணிப்பு அன்றிரவு வெளியாக வேண்டும். அது வெளிவரவில்லை. தொலைபேசியில் வாசிக்கப்பட்ட வேட்பாளர் பட்டியலில் பீட் புட்டிஜெஜின் பெயரே இல்லை என்று ஒருவர் புகார் சொல்லியிருந்தார். கேள்வி கேட்ட பணியாளர் ஒருவரின் கணினித் திரையில் எழுத்தைப் பெரிதாக்கியபோது பெயர் மறைந்திருக்கலாம் என்று தெரியவந்தது. தவறு எவ்வளவு தூரம் பரவியது என்று உறுதிசெய்ய முடியாமல் கணிப்பையே கைவிட்டார்கள். காரணத்தையும் வெளியே சொன்னார்கள்.

ஒருவர் திரையில் நேர்ந்த பிழைக்காக, நேர்மையாகப் பதில் சொன்ன மற்ற எல்லோரின் குரலையும் ஒதுக்கலாமா? வாக்காளருக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை இல்லையா? கேள்வி நியாயமானது. பொதுத்தேர்தலாக இருந்தால் பதில் சொல்வதும் கடினம்.

உட்கட்சித் தேர்தலின் நிலைமை வேறு. போட்டியிடுபவர்கள் எல்லோரும் ஒரே கட்சி. கொள்கையிலும் பெரிய தூரம் இராது. இரண்டு மூன்று பேரைப் பிடித்திருக்கும் வாக்காளர், ஜெயிக்கக்கூடியவர் யார் என்று பார்த்தே கடைசியில் முடிவெடுக்கிறார். அதைச் சொல்வது கணிப்பின் எண். நன்கொடையும் அந்த எண்ணின் பின்னால்தான் போகிறது. அந்தத் தேர்தலில் விவாத மேடை ஏறுவதற்கே கணிப்பில் குறிப்பிட்ட சதவீதம் வேண்டும் என்று கட்சி விதி வைத்திருந்தது. 400 பேரைக் கேட்ட கணிப்பில் 2 சதவீதம் என்பது எட்டே பேர். இவ்வளவு மெல்லிய தரையில் நிற்பவரின் பெயரை வாசிக்காமல் விடுவது அவரைப் போட்டியிலிருந்தே விலக்கிவிடக்கூடும்.

கணிப்பு பொய்த்துப்போவது குற்றமல்ல. 2008இல் நியூ ஹாம்ப்ஷயரில் இதே கட்சியின் உட்கட்சித் தேர்தலில் ஒபாமா முந்துவதாகவே கணிப்புகள் காட்டின. வென்றவர் ஹிலாரி கிளின்டன். கேட்டவர்கள் நேர்மையாகக் கேட்டிருந்தால் அதில் அறப்பிழை இல்லை. 2000இல் தென் கரோலினாவில் குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில், கருத்துக்கணிப்பு என்ற போர்வையில் வேட்பாளர் ஜான் மெக்கெயின் மீது அவதூறு பரப்பும் அழைப்புகள் வந்ததாகப் புகார் எழுந்ததே, அது வஞ்சகம். இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கிறது அயோவாவின் சிக்கல்: சந்தேகம் வந்த பிறகும் எண்ணை வெளியிடுவது. தவறியது கை, ஆனால் தெரிந்தே வெளியிட்டால் அது மனம் அறிந்து செய்த செயலாகிவிடும்.

அயோவாவில் மாநிலப் பிரதிநிதிகளின் கணக்கில் நூலிழையில் முந்தியவர் அதே புட்டிஜெஜ். அதைக் காட்டி, நிறுத்தியது சரி என்று வாதாடக் கூடாது. அவர் கடைசி இடத்துக்குப் போயிருந்தாலும் நிறுத்தியிருக்கத்தான் வேண்டும்.