துன்புற்றார்க்குச் சொல்லத் தகுவது யாது?

துன்பம் வந்துற்ற ஒருவர்முன் நிற்கும்போது எதைச் சொல்வது என்னும் வினா, நூல் பல கற்றாரையும் நாத்தடுமாறச் செய்வது. ஊரில் வாழ்ந்த நம் முன்னோர்க்கு இவ்வினா இத்துணைக் கடுமையாக எழுந்ததில்லை. இழவு நேர்ந்த வீட்டில் என்ன செய்வது என்பதை ஊரே அறிந்திருந்தது. பெண்டிர் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தனர். ஆடவர் பந்தலின்கீழ் வாளா அமர்ந்திருந்தனர். அடுப்பு மூட்டாத வீட்டுக்கு உறவினர் வீட்டிலிருந்து சோறு வந்தது. சொல் தேடும் சுமை தனியொருவர் தலைமேல் விழவில்லை. பிழைப்பு நாடி வடபுலம் வந்து அடுக்கு வீடுகளில் வாழும் நமக்கோ நிலை வேறு. நள்ளிரவில் தொலைபேசி ஒலிக்கிறது. ஊரில் ஒருவர் மறைந்தார் என்னும் செய்தி வருகிறது. பக்கத்து வீட்டார் நல்லவரே ஆயினும் அவர்க்கு நம் மொழி தெரியாது. தமிழறிந்த நண்பர் நால்வர் விடிந்ததும் வருகின்றனர். வந்தவர் எதையேனும் சொல்லியாக வேண்டும்.

பிறந்தவர் இறப்பது இயற்கை என்கிறோம். எல்லாம் அவன் செயல் என்கிறோம். காலம் ஆற்றும் என்கிறோம். இவற்றுள் எதனையும் பொய் என்று தள்ளுதற்கில்லை. ஆயினும், மெய்யான சொல் எல்லாம் எவ்விடத்தும் சொல்லத்தக்க சொல் ஆகிவிடுமா? துன்பம் நீங்கும் என்று உறுதி கூறுகிறோமே, அவ்வுறுதியை அளிக்க நமக்கு உரிமை உண்டா? கூறாது இருந்தால் அன்பிலார் ஆவோம். கூறினால், நாம் அறியாத ஒன்றை அறிந்தார்போலப் பேசியவர் ஆவோம்.

அறநூல்கள் இதற்கு விடை தரும் என்று எண்ணுவது இயல்பு. திருவள்ளுவர் 'இடுக்கண் அழியாமை' என 63ஆம் அதிகாரத்தை வகுத்தார். ஆனால் அவ்வதிகாரம் துன்புற்றவனையே நோக்கி நிற்பது. அவன் தன் நெஞ்சுக்குத் தானே சொல்லிக்கொள்ளத் தக்க மருந்து அது. அதே மருந்தை அயலான் ஒருவன் கொணர்ந்து வாயில் ஊற்றினால் கைக்கும். நேற்றுத் தாயை இழந்தவனிடம், துன்பத்தைக் கண்டு நகையாடு என்று சொல்லத் துணிவார் யார்? நமக்கு வேண்டுவது, அருகில் நிற்பவன் என்ன செய்வது என்பதற்கான வழி. அவ்வழியைச் சங்கச் சான்றோரின் தொகை நூல்களில் தேடலாம் என்பது எம் கருத்து.

அகத்துறைகளை வகுத்த பழந்தமிழர், ஆற்றாது வருந்தும் தலைவியைத் தோழி தேற்றுவதற்கு 'வன்புறை' என்று பெயரிட்டனர். இன்று வற்புறுத்துதல் என்றால் கட்டாயப்படுத்துதல் என்று பொருள் கொள்கிறோம்; அன்று அது, மனம் தளர்ந்தவர்க்கு வன்மை ஊட்டுதலைக் குறித்தது. இதில் வியப்பில்லை. 'வன்புறை எதிரழிதல்' என்று மற்றொன்றையும் அவர்கள் வைத்தனர் என்பதே வியப்பு. தோழி கூறும் ஆறுதலை ஏற்க மாட்டாது தலைவி மேலும் உடைந்து பேசுவது அது. ஆறுதலை மறுப்பவள் அறிவிலி என்று அவர்கள் எண்ணவில்லை. அம்மறுப்பும் ஒரு துறை ஆயிற்று. அதற்கும் பாட்டு எழுந்தது. அப்பாட்டும் தேற்றுகின்ற பாட்டோடு ஒரே தொகையில் இடம் பெற்றது. தேற்றுவோர்க்கு உள்ள உரிமை தேறாதிருப்போர்க்கும் உண்டு என்று இதனினும் தெளிவாகச் சொல்ல இயலுமா?

அகத்தை இவ்வளவில் நிறுத்திப் புறத்துக்கு வருவோம். புறநானூறு என்றவுடன் போரும் கொடையுமே நினைவுக்கு வரும். உ. வே. சாமிநாதையர் 1894இல் அந்நூலை அச்சேற்றிய நாள் தொட்டு, தமிழரின் வீரத்துக்குச் சான்றாகவே அதனை மேடைதோறும் காட்டி வந்துள்ளோம். அந்நூலில் 191 முதல் 195 வரை ஐந்து பாடல்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஐந்தும் பொதுவியல் என்னும் திணையின. ஐந்தையும் பாடியவர் ஐவர். அவற்றை ஒரே இருக்கையில் வரிசையாகப் படித்தவர் நம்முள் எத்தனை பேர் என்று கேட்கத் தோன்றுகிறது. ஏனெனில், ஐந்தையும் சேர்த்துப் படிக்கும்போது கிடைப்பது ஒன்றைத் தனியே படித்தால் கிடைப்பதில்லை.

முதலில் நிற்பவர் பிசிராந்தையார். ஆண்டு பலவாகியும் தலையில் நரை தோன்றாமைக்குக் காரணம் யாது என்று கேட்ட சான்றோர்க்கு அவர் விடை கூறுகிறார். மனைவி மாண்புடையவள், மக்கள் அறிவு நிரம்பியவர், ஏவலர் குறிப்பறிந்து நடப்பவர், வேந்தன் தீங்கு செய்யான், இவற்றிற்கெல்லாம் மேலாகத் தம் ஊரில் அடக்கம் உடைய சான்றோர் பலர் வாழ்கின்றனர். இத்துணை நிறைவான பாட்டைத் துன்பத்தைப் பற்றிய கட்டுரையில் எடுத்தது ஏன் என்று படிப்போர் கேட்கலாம். ஆந்தையார் இதனைக் கூறியது தம் ஊர்த் திண்ணையில் இருந்தன்று என்பது பழங்குறிப்பால் பெறப்படுகிறது. கோப்பெருஞ்சோழனிடம் சென்றபோது கூறியது இது. அச்சோழனோ வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தவன். அவனோடு தாமும் வடக்கிருந்து உயிர் நீத்தவர் ஆந்தையார். கவலை அறியாதவர் பாடிய பாட்டன்று இது. நிறைவையும் முடிவையும் ஒருசேர அறிந்தவர் பாடியது.

அடுத்து நிற்பவர் கணியன் பூங்குன்றனார். அவர் பாடலின் முதலடி இல்லாது புலம்பெயர்ந்த தமிழரின் விழா எதுவும் நடந்ததாக யாம் அறியோம். வரவேற்பு வளைவிலும் மலரின் அட்டையிலும் மேடைத் திரையிலும் அது விளங்குகிறது. எஞ்சிய பன்னிரண்டு அடிகளை மேடையில் கேட்பது அரிது. எல்லா ஊரும் நம் ஊர் என்று தொடங்கும் பாட்டு, சாவு புதிதன்று என்று சொல்லும். வாழ்வு இனிது என்று மகிழ்ந்ததும் இல்லை, வெறுப்பு வந்தவிடத்து இது தீது என்று ஒதுக்கியதும் இல்லை என்று சொல்லும். பாறையில் மோதி ஒலிக்கும் பேராற்றின் வழிச் செல்லும் மிதவைபோல உயிர் முறைவழியே செல்லும் என்று சொல்லும். விழாவுக்குப் பொருந்தும் அடியை எடுத்துக்கொண்டு, இழவுக்குப் பொருந்தும் அடிகளை விட்டுவிட்டோம். எனினும் இப்பாட்டு, கரையில் நின்று ஆற்றை நோக்குவோரின் பாட்டு. நீரில் மூழ்குகின்றவர் காதில் இது விழுமா என்பது ஐயமே.

மூன்றாவது பாட்டு நான்கே அடி. பாடியவர் இயற்பெயரும் நமக்குக் கிட்டவில்லை. ஓர் ஏர் மட்டுமே உடைய உழவனைக் குறுந்தொகைப் பாட்டொன்றில் உவமையாக்கியவர் ஆதலின் ஓரேருழவர் என்றே பெயர் பெற்றார். ஈரம் காயுமுன் நிலத்தை உழுது முடிக்கத் துடிக்கும் அவ்வுழவனைப்போல, வினை முடித்த தலைவன் நெஞ்சு வீடு நோக்கி விரைவதாக அங்கே பாடினார். புறநானூற்றிலோ அவர் காட்டுவது விரையும் நெஞ்சையன்று, தடைப்பட்ட காலை. தோலை உரித்துப் பரப்பினாற்போன்ற வெண்மையான களர்நிலம். ஒளிய ஒரு புதர் இல்லை. அதில் வேட்டுவன் ஒருவன் துரத்த ஒரு மான் ஓடுகிறது. அம்மானைப்போல நாமும் ஓடிப் பிழைத்துவிடலாம். ஆனால் சுற்றத்தோடு கூடிய இல்வாழ்க்கை காலைத் தளைக்கிறது. பாட்டு அவ்வளவே. இதற்கு என்ன செய்வது என்று அவர் கூறவில்லை. பொறுத்துக்கொள் என்றோ, தளையை அறுத்து ஓடு என்றோ அறிவுரை இல்லை. சுற்றத்தை அவர் பழிக்கவும் இல்லை. இது இப்படி இருக்கிறது என்று சொல்லி நிறுத்திவிட்டார்.

இப்பாட்டின் அருமையை எம் அலுவலக நண்பர் ஒருவர்க்கு நேர்ந்ததைக் கொண்டு விளக்கலாம். திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூரில் அவர் அன்னையார் காலமானார். இங்கிருந்து சென்று சேர்வதற்குள் எரியூட்டிவிட்டனர். காரியம் முடித்துத் திரும்பிய அவரிடம் பிரிவில் இருந்தோர் ஒவ்வொருவராக வந்து ஆறுதல் கூறினர். தமிழ் கற்ற பெரியவர் ஒருவர் பூங்குன்றனாரின் மிதவையை எடுத்துரைத்தார். நண்பர் எல்லாவற்றையும் மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மேசைமேல் இருந்த கோப்பைப் பார்த்தபடியே, "போன மாதமே போயிருக்கலாம் சார். பையனுக்குப் பரீட்சை. லீவும் அதிகம் இல்லை. மேமாதம் எல்லாருமாகப் போகலாம் என்று இருந்தேன்" என்றார். அதற்கு மறுமொழி எவரிடமும் இல்லை. அவரைத் தடுத்தது தீய செயல் ஒன்றும் அன்று. மகனின் தேர்வும் வீட்டுச் செலவும் எஞ்சிய விடுப்பின் கணக்குமே. அன்புதான் அன்புக்குத் தளை ஆயிற்று. அவர்க்கு மிதவையினும் மான் அணுக்கமானது என்பதில் எமக்கு ஐயம் இல்லை. துன்பத்தைத் துடைக்கும் சொல் என்று ஒன்று இல்லாதவிடத்தும், துன்பத்தைச் சரியாக அறிந்த சொல் ஒன்று இருக்கக்கூடும். நான்கு அடியில் ஓரேருழவர் தருவது அச்சொல்லை.

நான்காவதாக வருபவர் பக்குடுக்கை நன்கணியார். பூங்குன்றனார், நன்கணியார் ஆகிய இருவர் பெயரிலும் 'கணி' என்பது நிற்கக் காண்கிறோம். ஆயின் இருவரும் ஒன்றையே கூறினாரல்லர். ஒரு வீட்டில் சாப்பறை ஒலிக்க, மற்றொரு வீட்டில் மணமுழவு முழங்குகிறது. காதலரோடு கூடிய மகளிர் பூச்சூட, பிரிந்த மகளிரின் கண்கள் நீர் உகுக்கின்றன. இப்படியா ஓர் உலகைப் படைப்பது? படைத்தவனிடம் நற்பண்பு இல்லை என்று புலவர் வெகுண்டு கூறுகிறார். பக்தி மிக்க நம் வீடுகளில் இவ்வாறு பேசினால் வாயைப் பொத்துவர். தொகுத்தவரோ பொத்தவில்லை. இவ்வுலகம் கொடிது என்று மீண்டும் கூறிய பின்னரே, இதன் இயல்பை உணர்ந்தவர்கள் இதில் இனியவற்றைக் காணட்டும் என்று பாட்டு முடிகிறது. ஏழடிப் பாட்டில் இறுதியடி ஒன்றே நம்பிக்கைக்கு உரியது.

இவ்விறுதியடியைத் தனியே பெயர்த்தெடுத்து வாழ்த்து அட்டையில் பொறித்தால் அது வெறும் உபசாரமாகிவிடும். முன்னுள்ள அடிகளின் சினத்தைக் கடந்து வந்ததால்தான் அதற்கு உரம் உண்டாயிற்று. பறை ஒலிக்கும் வீட்டில் நாளை முழவு ஒலிக்கும் என்று புலவர் உறுதி கூறவில்லை. அழுகின்ற பெண்ணைப் பார்த்து அழாதே என்றும் கூறவில்லை. அவர் கூறுவது உலகின் இயல்பை உணர்ந்தோரை நோக்கி. இன்று காலை இழவு கேட்டவர் அவ்வியல்பை உணர்வதற்கு நாள் ஆகும். அதுவரை அவர் படைத்தவனை ஏசட்டும் என்று விட்டிருப்பதும் அருகில் நிற்பவர் கடமையே என யாம் கருதுகிறோம். சினந்து பேச இடம் தராத தேற்றம், தேற்றுபவரின் மன அமைதிக்கே உதவும்.

ஐந்தாம் பாட்டை நரிவெரூஉத்தலையார் பாடினார். மீன்முள் போன்ற நரையும் திரைந்த கன்னமும் உடைய, பயனின்றி மூத்த பெரியோரை அவர் விளிக்கிறார். கூற்றுவன் வரும்போது வருந்துவீர். நல்லது செய்ய இயலாவிடினும் அல்லது செய்தலையேனும் விடுங்கள் என்பது அவர் வேண்டுகோள். முதற் பாட்டில் நரையில்லாத முதியவர். ஐந்தாம் பாட்டில் நரைத்தும் பயனில்லாத முதியவர். ஆறுதல் கூற வருவோரும் இதனை நினைவில் கொள்ளலாம். நல்ல சொல் நாவில் வரவில்லையானால், புண்ணைக் கிளறும் சொல்லையேனும் கூறாது இருக்கலாம் அன்றோ!

இவ்வைந்தும் இவ்வரிசையில் நிற்பது தற்செயலாக இருக்கலாம் என்று கூறுவார் உண்டு. இருக்கலாம். அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர் என்று அறிகிறோம். புறநானூற்றைத் தொகுத்தவர் பெயரோ வழங்கவில்லை. அவர் கருத்தை அவரிடமே கேட்டறிய வழியும் இல்லை. ஆயினும் அவர் செய்யாது விட்டது ஒன்று நம் கண்முன் நிற்கிறது. முரண்பட்ட ஐவரையும் அவர் சமரசம் செய்யவில்லை. அமைதி கூறுபவரை வைத்துக்கொண்டு வெகுளி கூறுபவரை நீக்கவில்லை. ஒருவர் பாட்டு மற்றொருவர் பாட்டுக்கு மறுப்பு என்றோ, இதுவே முடிந்த முடிபு என்றோ குறிப்பு எழுதவில்லை. பூங்குன்றனார் பாட்டு மட்டும் நமக்குக் கிடைத்திருந்தால், தமிழர் துன்பத்துக்குக் கலங்காதவர் என்று பெருமை பேசியிருப்போம். ஓரேருழவர் மட்டும் கிடைத்திருந்தால், வழியறியாது நின்றவர் என்று இரங்கியிருப்போம். தொகை என்னும் அமைப்பு அவ்விரண்டையும் தடுத்துவிட்டது. இழவு வீட்டுப் பந்தலில் பலர் அமர்ந்திருப்பதுபோல இங்கே ஐவர் அமர்ந்திருக்கின்றனர். யார் சொல் எவர்க்கு எந்நாளில் பொருந்தும் என்பதை வருந்துபவரே தெரிந்துகொள்வார்.

நம் வீடுகளில் வளரும் பிள்ளைகள் தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலையில் இருக்கின்றனர். அவர்களுக்குப் பூங்குன்றனாரின் முதலடியைப் பேச்சுப் போட்டிக்கென நெட்டுருப் போடச் செய்கிறோம், நன்றே. அடுத்த பாட்டு நான்கடிதான். அதனையும் உடன் சொல்லிக் கொடுப்பதில் வருத்தம் ஒன்றும் இல்லை. தந்தை ஏன் ஊருக்குப் போகாமல் இருந்தார் என்பது ஒருநாள் அவர்களுக்கு விளங்கும்.

ஐந்தோடு நூல் நின்றுவிடவில்லை. 196ஆம் பாட்டில் ஆவூர் மூலங்கிழார் பாண்டியன் நன்மாறன் முன் நிற்கிறார். பரிசில் தராமல் காலம் நீட்டித்த மன்னனிடம், தரக்கூடியதைத் தருதலும் இயலாததை இல்லை எனலும் பெருமையே, இரண்டும் அல்லாதது இரப்போரை வாட்டும் என்கிறார். அவன் மக்கள் நோயின்றி வாழ்க என்று வாழ்த்தவும் செய்கிறார். பின்னர் வெயில் என்று வெறுக்காமல், பனி என்று சோம்பாமல், காற்றை மட்டுமே மறைக்கும் தம் வறிய வீட்டில் இருக்கும் மனைவியை நினைத்துக்கொண்டு, வெறுங்கையோடு நடக்கத் தொடங்குகிறார்.