சாமிக்குப் பின்னால் ஒரு மலை

காலண்டரில் சாமி படம் பார்க்கிறீர்கள். சாமிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா?

விருதுநகரில் என் அத்தை வீட்டுப் பூஜை அலமாரியில் ஒரு முருகன் படம் உண்டு. வருஷம் முடிந்ததும் காலண்டரின் கீழ்ப் பாதியை வெட்டிவிட்டுக் கண்ணாடிச் சட்டம் போட்டது. நம் ஊர்களில் பாதி சாமிகள் இப்படித்தானே வீட்டுக்குள் வந்தார்கள். முருகனுக்குப் பின்னால் ஒரு நீல மலை. இடுக்கில் வெள்ளைக் கோடாக அருவி. கீழே தாமரைக் குளம். தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற அந்தத் தெருவில் எந்தக் கோடையிலும் வற்றாத குளம் அது ஒன்றுதான்.

படத்தின் மூலையில் சி.கொண்டையராஜு என்று பெயர் இருக்கும். 1898இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, ரமணாசிரமத்தில் கொஞ்ச காலம் இருந்து, நாடகக் கம்பெனிக்குப் படுதா வரைந்து, 1940களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டவர். 1976இல் இறந்தார். அவர் வரைந்ததைப் பக்கத்திலிருந்த சிவகாசி அச்சடித்து ஊர் ஊராக அனுப்பியது. லட்சுமியும் முருகனும் இப்படித்தான் இருப்பார்கள் என்று நம் கண்ணுக்குப் பழக்கியவர்களில் அவர் முக்கியமானவர்.

போன கோடையில் எனக்கு ஒரு ஆசை. அந்த மலையை மட்டும் வரைந்து பார்த்தால் என்ன? போஸ்ட் கார்டு அளவில் ஒரு அட்டை, பேத்தியின் போஸ்டர் கலர். முதல் நாள் மலை சுவர் மாதிரி வந்து நின்றது. நீலத்தில் வெள்ளையைக் கலந்து, ஓரத்தைத் தண்ணீரால் தேய்த்துவிட்ட பிறகு மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. கடைசி வரிசையில் தரை டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவனுக்கும் காடு காடாகத் தெரிய வேண்டும் என்று படுதா வரைந்த கை இதை எத்தனை தடவை செய்திருக்கும்! நாலாவது நாள்தான் எனக்கு அது லேசாகப் பிடிபட்டது.

முருகனை எடுத்துவிட்டதில் நடுவில் ஓட்டை விழுந்தது. அங்கே நம்மூர் சீமைக்கருவேலம் ஒன்றை வைத்தேன். தாமரைக் குளத்தின் கரையில் முள்ளுமரம். பார்க்க விநோதமாக இருந்தது. எனக்குப் பிடித்தும் இருந்தது.

சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கும் நண்பர் வீட்டுக்கு வந்தவர் எடுத்துப் பார்த்தார்.

“நீங்களே வரைஞ்சதாண்ணே?”

“ஆமா.”

“நல்லாருக்கே. அடுத்த வருஷம் டைரி அட்டைக்குப் போட்ருவோம். உங்க பேரும் வரும்.”

ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்த ‘ஆமா’வில் எத்தனை பங்கு உண்மை? முள்ளுமரம் என்னுடையது. மலை?

மறுநாள் போனில் சொன்னேன். சிரித்தார். “சிவகாசிக்காரன்ட்ட கேக்குற கேள்வியாண்ணே இது? ஒருத்தர் வெடி லேபிள்ல பறவை இடது பக்கம் பாக்கும். அது ஓடுச்சுன்னா, அடுத்த தீபாவளிக்கு அதே பறவை வேற டப்பால வலது பக்கம் பாக்கும்.”

நியாயம்தான் என்று விட்டுவிட முடியவில்லை. அந்தப் பறவை திரும்பியதே, வாங்குகிறவர் ஏமாற வேண்டும் என்றுதான். வான்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1889-90இல் மனநல விடுதியில் இருந்தபோது, மில்லே என்ற மூத்த ஓவியரின் விவசாயிகளை வரிசையாக வரைந்தார். கையில் இருந்தவை கறுப்பு வெள்ளை அச்சுகள். வண்ணம் எல்லாம் இவர் போட்டது. இன்னொருவர் இயற்றிய இசையை ஒருவர் வாசிப்பதில்லையா, அதுபோலத்தான் இது என்று தம்பிக்கு எழுதினார். நமக்கு இது புரியாததா என்ன? சபாவில் தியாகராஜர் கீர்த்தனை பாடுகிறவரைத் திருடர் என்றா சொல்கிறோம்? ஆனால் அவரும் அதைத் ‘நானே இயற்றியது’ என்று சொல்வதில்லை.

கொண்டையராஜு மட்டும் வானத்திலிருந்தா குதித்தார், அவருக்கு முன்னால் ரவிவர்மா இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தார். அந்த ரவிவர்மாவின் பின்னணிக் காட்சிகளில் அவர் தம்பி ராஜராஜ வர்மாவின் கையும் உண்டு. சங்கிலி நீளம்தான். அதற்காக எனக்கு நேர் மேலே இருக்கிற கண்ணியை நான் அறுத்துவிட முடியுமா? அவர் யாரென்று எனக்குத் தெரியுமே.

சரி, அவர் பெயரையும் போட்டுவிடலாம் என்று பார்த்தால் அங்கே வேறொரு சங்கடம். டி.எஸ்.சுப்பையா போன்ற சீடர்களின் படங்களில் குருவின் பெயரும் சீடர் பெயரும் சேர்ந்தே இருக்கும். அவர்கள் கூட இருந்து கற்றவர்கள், அந்த உரிமை உண்டு. நான் யார்? என் கோணல் மலையை அவர் பெயரைச் சொல்லி விற்றால், அதுவும் அந்தப் பறவை வியாபாரம்தானே?

இரண்டு நாள் யோசித்து நண்பரைக் கூப்பிட்டேன். “என் பேருக்குக் கீழே ‘கொண்டையராஜு படத்தைப் பார்த்து வரைந்தது’ன்னு போடுங்க.”

“அவ்வளவு எழுத்துக்கு இடம் இல்லண்ணே. ஒரு ஓரமா வெட்டணும். மலைப் பக்கம் வெட்டவா, முள்ளுமரத்துப் பக்கமா?”

பதில் சொல்லக் கொஞ்ச நேரம் பிடித்தது. முள்ளுமரத்தை வெட்டச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.