பரீட்சையும் பிரமாணமும்

அனுபவத்தினின்றே அறிவு பிறக்கிறது என்பதை மூலக் கொள்கையாகக் கொண்ட ஒரு நெறியில் ஒருவர் தேர்ந்தவரா என்பதை, அந்நெறியைக் கூறும் நூலை அவர் எத்துணைக் கவனத்தோடு வாசித்திருக்கிறார் என்பதைக் கொண்டு நிர்ணயிக்க முடியுமா? மென்பொருள் தொழிலில் வழங்கும் ஸ்க்ரம் அத்தகைய நெறி. அதில் புராடக்ட் ஓனர் என்னும் பொறுப்புக்காக ஸ்க்ரம்.ஆர்க் நிறுவனம் நடத்தும் பி.எஸ்.பி.ஓ. முதல் நிலைத் தேர்வுக்குப் படிப்போரில் பெரும்பாலோர் இந்தக் கேள்வியைக் கேளாமலே கடந்துவிடுகிறார்கள். 60 நிமிஷத்தில் 80 வினாக்கள், நூற்றுக்கு 85 பெற்றாலன்றித் தேர்ச்சியில்லை என்ற நிலையில் தத்துவ விசாரத்துக்கு அவகாசம் ஏது என்று அவர்கள் கேட்டால் அதுவும் நியாயமே.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து மலை விடுதியொன்றில் 17 பேர் கூடி இயற்றிய அஜைல் பிரகடனமும், அவர்களுள் இருவரான கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லண்டும் 2010-இல் வெளியிட்ட ஸ்க்ரம் கையேடும், எதிர்காலத்தை முன்கூட்டியே முழுதும் வகுத்துவிடலாம் என்னும் மனித அகங்காரத்தின்மீது கொண்ட அவநம்பிக்கையிலிருந்து பிறந்தவை. ஒரு மாதத்துக்கு மேற்படாத ஸ்பிரிண்ட் என்னும் வேலைச் சுற்று ஒவ்வொன்றிலும், செய்ததை எல்லார் கண்ணுக்கும் புலப்பட வைத்து, அதனைப் பரிசோதித்து, கண்டதற்கேற்ப வழியை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே ஸ்க்ரமின் சாரம். நம் தருக்க நூலார் பரிபாஷையில், பிரத்தியக்ஷத்தை, அதாவது நேர்க் காட்சியைத் தலையாய பிரமாணமாகக் கொண்ட மதம் இது. பரீட்சையோ, சப்தப் பிரமாணத்தை, அதாவது ஆப்தர் வாக்கைப் பிசகின்றிக் கிரகித்தோமா என்பதையே சோதிக்கிறது. இம்முரண்பாட்டைக் காட்டிப் பரீட்சையே வீண் என்று ஒதுக்குவோர் உண்டு. அது அவசர முடிவென்றே எனக்குத் தோன்றுகிறது.

ஏனெனில், பல ஆண்டுகள் இத்தொழிலில் உழன்றவர்களே இத்தேர்வில் தடுமாறுவதற்கு ஒரு காரணம் உண்டு. புராடக்ட் ஓனர் என்பவர் ஒருவரே, குழுவன்று. செய்யவேண்டிய பணிகளின் பட்டியலான பேக்லாகின் வரிசையைப் பற்றி அவர் செய்யும் முடிவை நிறுவனம் முழுதும் மதித்தாக வேண்டும். ஒரு ஸ்பிரிண்டை ரத்து செய்யும் அதிகாரம் அவர் ஒருவருக்கே. ஆனால் அதில் எவ்வளவு வேலையை ஏற்பது என்பதை டெவலப்பர்களே தீர்மானிப்பர் என்பது கையேட்டின் விதி. மேலதிகாரிகள் உரைப்பதைக் குறித்துக்கொண்டு, அவர்கள் விதித்த தேதியை டெவலப்பர்கள் தலையில் ஏற்றும் குமாஸ்தாவாகவே புராடக்ட் ஓனரைக் கண்டு பழகியவர், அந்தப் பழக்கத்தைக் கொண்டே விடையளித்துப் பிழைபடுகிறார். நேற்று வந்து நூலை ஊன்றிப் படித்த இளைஞர் சரியாக எழுதிவிடுகிறார். இதனால் அனுபவம் தோற்றது என்றாகாது. நையாயிகர் பிரத்தியக்ஷத்துக்கு இலக்கணம் வகுக்கையில், அது பிறழாத காட்சியாக இருத்தல் வேண்டும் என்றொரு விசேஷணம் சேர்த்தார்கள். கிளிஞ்சலை வெள்ளியென்று காண்பதும் கண்ணால் காண்பதுதானே! நெடுநாளாக நடந்துவருவது என்பதனாலேயே பரிசோதனைக்கு உட்படாத வழக்கம் அனுபவமாகிவிடுவதில்லை. அத்தகைய வழக்கத்தை அளந்து பார்க்கும் கோலாகச் சப்தம் உதவுகிறது. மாதிரி வினாக்களின் விடைகளை மட்டும் உருப்போடுவோருக்கு இரண்டு பிரமாணங்களில் ஒன்றும் வாய்ப்பதில்லை என்பது வேறு விஷயம்.

எனினும், நுகர்வோர் எதை விரும்புவர், எதை முதலில் செய்து எதைக் கைவிடுவது என்பவற்றை எந்த நூலும் உரைக்காது. நூலறிவுக்குள்ள இத்தகைய எல்லையைக் கருதியே போலும், முண்டக உபநிஷதம் வேதங்களையே அபர வித்தையின், அதாவது கீழான அறிவின், வரிசையில் வைத்தது. அந்தத் துணிவைச் சான்றிதழ் வழங்குவோரிடம் எதிர்பார்ப்பது மிகையாகலாம். ஆனால் கையேட்டின் ஆசிரியர்கள் தம் வாக்கை அபௌருஷேயம், அதாவது மனிதர் இயற்றாதது, என்று கொள்ளவில்லை. பலமுறை திருத்தி, 2020 நவம்பரில் அதனை முன்னிலும் சுருக்கி, புராடக்ட் கோல் என்னும் புதிய கருத்தையும் சேர்த்தார்கள். தம் நூலையும் தம் நெறிக்கே உட்படுத்திய நேர்மை அது.

ஆகையால் இத்தேர்வுக்குப் படிக்கும் அன்பர்கள், விலைக்கு வரும் வினாத் தொகுப்புகளை நாடுமுன், 15 பக்கங்களுக்குள் அடங்கி இலவசமாகவே கிடைக்கும் அந்தப் பதிப்பை நிதானமாக வாசித்து, ஒவ்வொரு விதியின் ஓரத்திலும் தம் அலுவலகத்தில் அது நடக்கிறதா இல்லையா என்று மறைக்காமல் எழுதிவைப்பார்களாக.